பச்சைத் துணி சுற்றிய ஹெட்செட்

மைனி,

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்லுகிறேன். உங்கள் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டுதான் நான் இப்போது ரப்பர் வெட்டப் போகிறேன். அதில் பாட்டு ஒன்றும் ஓடுவதில்லை. ஒயரின் நுனியை எந்தப் போனிலும் செருகுவதில்லை. நைட்டிக்கு மேல் போட்டுக்கொள்கிற பழைய சட்டையின் பைக்குள் அது சும்மா கிடக்கும். மரத்துக்கு மரம் போகிறேன், பட்டையைச் சீவுகிறேன், பால் விழுகிற சிரட்டையை நேராக்குகிறேன். பார்க்கிறவர்களுக்கு நான் பாட்டு கேட்கிறவள். காதில் ஒன்றுமில்லை.

நேற்று விடிந்து வெளிச்சம் வந்த பிறகு, பக்கத்துத் தோட்டத்தில் வெட்டுகிற தங்கபாய் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கையை ஆட்டினாள். ஒரு காதை விலக்கினேன்.

"காலத்தே என்ன பாட்டுக்கா கேக்குதிய?"

"பாட்டு இல்லட்டி, பிரசங்கம்."

"எனக்கும் கொஞ்சம் தாருங்க, கேக்கட்டு."

"போன்ல சார்ஜ் தீந்து போச்சு."

"பின்ன எதுக்கு மாட்டியிருக்கிய?"

"காது குளிராம இருக்கதுக்கு."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனாள். இந்நேரம் திற்பரப்பு வரைக்கும் சொல்லியிருப்பாள், எனக்குப் பிராந்து பிடித்துவிட்டது என்று.

உண்மையான காரணம் வாடைதான் மைனி. காதோரம் வேர்த்ததும் ஹெட்செட்டில் காதை மூடுகிற மெத்தையிலிருந்து ஒரு வாடை எழும்பும். காய்ந்த ரப்பர் பாலும் முகத்துக்குப் போடுகிற பவுடரும் சேர்ந்த வாடை. தோட்டம் முழுக்க ரப்பர் வாடைதான், ஆனாலும் இது தனியாகத் தெரியும். அது வந்துவிட்டால் நீங்கள் அடுத்த மரத்தில் நின்று, "ஏட்டி, பைய சீவு. மரத்துக்கு நோவும்" என்று சொல்வது போல இருக்கும். அப்படிச் சொல்லுகிற ரப்பர் வெட்டுக்காரியை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

அண்ணன் உங்களைக் கட்டிக்கொண்டு வந்தபோது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத ஒன்று, உங்கள் பாட்டு. பாத்திரம் கழுவும்போது பாடுவீர்கள். வார்த்தையெல்லாம் சபையில் பாடுகிற அதே வார்த்தைதான். ராகம் மட்டும் எங்கேயோ போய்க்கொண்டிருக்கும். மேலே ஏறவேண்டிய இடத்தில் ஏறாது. ஒரே இடத்தில் நின்று கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு படி கீழே இறங்கும். நான் விடுவேனா?

"மைனி, பாட்டு ஒரு வழியா போவுது, நீங்க ஒரு வழியா போறிய. ரெண்டு பேரும் எங்க சேரப் போறிய?"

"நீ கவலைப்படாண்டாம். ஞாயித்துக்கிழமை சேந்துக்கிடுவோம்."

பாடகர் குழுவில் ஆல்ட்டோ பாடுகிறேன் என்று சொன்னீர்கள். யாரோ கார் வாங்கின கதையாக்கும் என்று நான் நினைத்தேன். பெண்களில் மேல் குரல் பாடுகிறவர்கள் ஒரு பக்கம், அதற்குக் கீழ்க்குரல் பாடுகிறவர்கள் ஒரு பக்கம், அந்தக் கீழ்க்குரல்தான் ஆல்ட்டோ, ஆண்களிலும் இப்படி இரண்டு, ஆக நாலு குரல் என்று விளக்கினீர்கள். "தனியா கேட்டா ஒண்ணும் தோணாது" என்றீர்கள்.

"தனியா கேக்கது நான் ஒருத்திதானே. எனக்கு மட்டும் எதுக்கு இந்தத் தண்டனை?"

ஈரக் கையை என் முகத்தில் உதறினீர்கள். இத்தனை வருஷமும் இதே வர்த்தமானம்தான் நமக்குள். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள், நீங்கள் பத்தாவது வரை படித்தவர். வாயால் ஜெயிக்க எனக்கு இந்த ஒரு இடம்தான் கிடைத்தது.

பிறகு உங்களுக்குச் சுகமில்லாமல் போனது. ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். முடி கொட்டினது உங்களுக்குப் பெரிய காரியமாகத் தெரியவில்லை. "எண்ணெய் மிச்சம்" என்று நீங்களே சொன்னீர்கள். நான் சொல்ல வைத்திருந்த கிண்டலை நீங்கள் முந்திச் சொல்லிவிட்டதில் எனக்குக் கோபம்கூட வந்தது. ஆனால் காதுக்குள் சத்தம் தொடங்கினபோது உங்கள் முகம் மாறிவிட்டது. "ஏட்டி, காதுக்குள்ள சீவீடு கத்துது" என்றீர்கள். தோட்டத்தில் மழைக்கு முன்னால் விடாமல் இரையுமே, அந்தப் பூச்சி. ராப்பகல் ஓயவில்லை. மருந்தின் வேலை, சிலருக்கு அப்படித்தான், போகவும் செய்யலாம் போகாமலும் இருக்கலாம் என்று டாக்டர் சொன்னார்.

"எல்லாம் போவட்டு" என்று என்னிடம் சொன்னீர்கள். "கிறிஸ்மஸுக்கு என் எடத்துல நின்னு பாடணும். அது போதும்."

அந்த வருஷம் பாடகர் குழு மாஸ்டர் தானே எழுதி ராகம் போட்ட ஒரு புதுப் பாட்டு. நல்ல பையன். பயிற்சிக்கு வர முடியாதவர்களுக்காக ஒவ்வொரு குரலையும் தனித்தனியாகவும், கடைசியில் நாலையும் சேர்த்தும் பாடிப் பதிந்து போனில் அனுப்புவான். உங்கள் இடத்தில் வேறு யாரையும் நிறுத்த மாட்டேன், பாட்டு மட்டும் பாடமாகியிருந்தால் போதும், உட்கார்ந்துகொண்டே பாடலாம் என்று சொல்லியிருந்தான். போனைக் காதில் வைத்தால் உங்களுக்குச் சீவீடுதான் கேட்டது. பாட்டு அதற்குள் முங்கிப்போனது. அண்ணன் மார்த்தாண்டத்தில் ரோட்டோரக் கடையிலிருந்து ஒரு கறுப்பு ஹெட்செட் வாங்கி வந்தார். ஆசையாக மாட்டினீர்கள். கொஞ்ச நேரத்தில் கழற்றிவிட்டீர்கள்.

"பாம்பெல்லாம் கூடி ஜெபக்கூட்டம் நடத்துது. ஸ் ஸ் ஸ்ஸுன்னு மட்டும்தான் கேக்குது."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். சிரிக்கும்படி சொன்ன ஆள் அப்படிப் படுப்பதில்லை. நான் அந்த ஹெட்செட்டை எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்காரர் மஸ்கட்டில், நான் எதைப் பிரித்தாலும் கேட்க ஆளில்லை.

மெத்தையைப் பிய்த்தால் அடியில் சின்னத் திருகாணிகள். தையல் மிஷினுக்கு வைத்திருக்கும் திருப்புளி போதுமாக இருந்தது. உள்ளே ஒரு வட்டத் தகடு, வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசாக ஒன்று அதன்மேல், அதற்குப் பின்னால் வெறும் காலி இடம். இவ்வளவுதானா என்று தோன்றியது. காலிக் குடத்துக்குள் பேசினால் கணகணவென்று வரும், பாதி நிறைந்திருந்தால் அப்படி வராது, அவ்வளவு எனக்குத் தெரியும். பஞ்சை எடுத்துத் தலையணைக்கு அடைப்பது போல அடைத்தேன். பாட்டு அடுத்த வீட்டில் யாரோ ரகசியம் பேசுவது போல ஆகிவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கி எடுத்து, கடைசியில் ஒரு பூச்சரத்தின் கனத்துக்குப் பஞ்சு நின்றது.

வெளிப்பக்கத்துப் பிளாஸ்டிக் மூடியை விரலால் சுண்டினால் டக்டக்கென்று தகரம் போலச் சத்தம் வந்தது. மரத்தில் வெட்டின இடத்தில் காய்ந்து ஒட்டியிருக்குமே ஒட்டுப்பால், அதை இழுத்து வந்து துண்டு துண்டாக மூடியின் உட்பக்கம் அப்பினேன். பிறகு சுண்டினால் தொம் என்றது. வெளியே இருந்த சின்ன ஓட்டைகளில் பாதியைப் பிளாஸ்திரி ஒட்டி அடைத்தேன். பாம்புகள் கொஞ்சம் கலைந்து போயின.

இதெல்லாம் என் காதுக்குத் தெரிந்தது. உங்களுக்குத் தெரியவேண்டுமே. ஒவ்வொரு தடவையும் கொண்டுவந்து உங்கள் கட்டிலில் உட்கார்ந்து நான் கேட்பேன். நீங்கள் என் முகத்தைப் பார்ப்பீர்கள்.

"கீழ்க்குரல் போவுதா?"

"போவுது."

"எப்படிப் போவுது? பாடிக் காட்டு."

பாடிக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டீர்கள்.

"கேக்கதுக்கு ஓக்காளம் வருது. ஆனா போற வழி சரிதான்."

பஞ்சை மாற்றினால் ஒரு தடவை, பிளாஸ்திரியை மாற்றினால் ஒரு தடவை. மழைக்காலம், பாதி நாள் வெட்டு இல்லை, அந்த நாட்களில் நமக்கு வேறு வேலையும் இல்லை. அந்தக் கீழ்க்குரலை எத்தனை தடவை பாடிக் காட்டியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

மிச்சமிருந்தது மெத்தை. கடை மெத்தை அட்டை மாதிரி. காதில் பதியாமல் இடுக்கு வழியாகச் சத்தமெல்லாம் வெளியே ஓடிவிடும். ரப்பர் நம்மிடம் இல்லாததா என்று நினைத்தேன். ரப்பர் வெட்டுகிறவளுக்கு வேறு எப்படிப் புத்தி போகும்? பாலில் ஆசிட் விட்டு உறைய வைத்து, ஷீட் அடிக்கும் மிஷினில் கொடுத்து, விறகுப் புகையில் உலர்த்துகிற புகைப்புரையில் தொங்கவிட்டு, அதை வட்டமாக வெட்டி ஒட்டிக்கொண்டு வந்தேன். நீங்கள் மாட்டிக்கொண்டு மூக்கைச் சுளித்தீர்கள்.

"ஏட்டி, என் காதுக்குள்ள யாரோ பச்சை விறகு எரிக்குதாவ."

அண்ணன் வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உங்களுக்குச் சுகமில்லாமல் போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

மறுபடியும் தொடங்கினேன். ஆசிட் இல்லாமல், புகை இல்லாமல், மரத்திலிருந்து வந்த பாலை அப்படியே மெல்லிய துணியில் தடவி, காயவிட்டு, மேலே தடவி, காயவிட்டு. ஒட்டாமல் இருக்கப் பவுடர் தூவினேன். உள்ளே வைக்க நல்ல ஸ்பாஞ்சு வேண்டும். எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டீர்கள். சொல்லவில்லை. சில நாளாக நான் நெஞ்சில் துவர்த்துத் துண்டைப் போட்டுக்கொண்டே நடப்பதைப் பார்த்து நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள்.

"ஏட்டி, உன் மானத்தைக் கிழிச்சா என் காதுல வச்ச?"

"ரெண்டு காது, ரெண்டு பக்கம். கணக்கு சரியாத்தான் இருந்து."

வளைவு உங்கள் தலையை அழுத்தியது. முடியில்லாத தலையில் அது கோடு போட்டுச் சிவந்துவிடும். அதைக் கொஞ்சம் அகட்ட உங்கள் பெரிய வேதப்புத்தகத்தின் மேல் மாட்டி வைத்தோம். "வேதப்புத்தகம் பாட்டு கேக்குது, சத்தம் போடாதீங்க" என்று அண்ணன் சொன்னார். அகண்ட பிறகு பஞ்சு வைத்துத் துணி சுற்ற வேண்டும். எந்தத் துணி என்று கேட்டேன். நீங்கள் அலமாரியைக் காட்டினீர்கள். கிளிப்பச்சை ஜாக்கெட்டு.

"நல்ல ஜாக்கெட்டு மைனி."

"இனி எனக்கு அது சேராது. சுத்து. சபையில எல்லாரும் பாக்குத சாமானம், கறுப்பா காக்கா மாதிரி இருக்காண்டாம்."

நான் தலையைக் குனிந்துகொண்டு சுற்றினேன். அப்போது ஏதாவது கிண்டல் சொல்லியிருக்க வேண்டும்.

அன்று மத்தியானம் நல்ல மழை. நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் வெறும் முகம். பிறகு உங்கள் விரல் போர்வையில் அசைய ஆரம்பித்தது.

"ஏட்டி. வருது."

"சீவீடு?"

"அதுவும் கெடக்கு. அது மேல கத்துது. இது அதுக்குக் கீழ போவுது."

அந்தப் பச்சை வளைவும், அதற்குள் மெலிந்த முகமும், அந்தச் சிரிப்பும். அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நீங்கள் அதைக் கழற்றி என் தலையில் வைத்தீர்கள். "இப்ப நாலு குரலையும் சேத்துக் கேளு." கேட்டேன். மேலே யாரெல்லாமோ பறந்துகொண்டிருந்தார்கள். நான் பாடிப் பாடிக் காட்டின அந்த வழி அதற்கு அடியில் போய்க்கொண்டிருந்தது. ஏறாத இடத்தில் ஏறாமல், நின்று, யோசித்து, ஒரு படி இறங்கியது. அது இறங்கின இடத்தில்தான் பாட்டே முகம் திரும்பிப் பார்த்தது. பாத்திரம் கழுவிக்கொண்டு இத்தனை வருஷம் நீங்கள் பாடினது தப்பு ராகம் இல்லை.

"என்னட்டி, வாய் அடைச்சுப் போச்சு?"

"ஒண்ணுமில்ல. ரப்பர் நாறுது" என்றேன்.

ஒரு நாள் ஆட்டோ பிடித்துப் பயிற்சிக்குப் போனீர்கள். ஒரே ஒரு நாள். உட்கார்ந்துகொண்டே பாடினீர்களாம். திரும்பி வந்தபோது முகமெல்லாம் வெளிச்சம். அதற்குப் பிறகு உங்களால் கட்டிலைவிட்டு இறங்க முடியவில்லை.

கிறிஸ்மஸ் விடியற்கால ஆராதனைக்கு அண்ணன் போகமாட்டேன் என்று நின்றார். நீங்கள்தான் விரட்டினீர்கள். "நீங்க போங்க. பாட்டு தொடங்கும்போ போனை நீட்டிப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க." அவர் போனார். நான் உங்களுக்கு ஹெட்செட்டை மாட்டி, போனை நெஞ்சின்மேல் வைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார வைத்தேன்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நான் செய்த மெத்தை அவ்வளவு நன்றாக அடைத்திருந்தது. துளி சத்தம் வெளியே வரவில்லை. ஆர்மோனியமும் சபையும் நாலு குரலும் உங்கள் காதுக்குள் இருந்தன. வெளியே நீங்கள் மட்டும். விரலைத் தூக்கினீர்கள், காத்திருந்தீர்கள், பாடினீர்கள். மேல் குரல் தனியாகப் போகிற இடத்தில் நிறுத்தினீர்கள். நீங்கள் நிறுத்தின இடத்தில் எல்லாம் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இரண்டாம் சரணத்தில் குரல் நூல் போல ஆனது. கடைசிச் சரணத்தில் உதடு மட்டும்தான். ஆனால் உதடு ஓரிடத்திலும் தப்பவில்லை மைனி, வழி எனக்குத் தெரியுமே.

முடிந்ததும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தீர்கள்.

"சேந்துட்டேன் மக்கா."

"எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு உங்களை மட்டும்தானே கேட்டுது."

கழற்றப் போனேன். வேர்வையில் மெத்தை காதோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. "இருக்கட்டு" என்றீர்கள். "கொஞ்ச நேரம் இருக்கட்டு."

ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கிற நாட்களில் நீங்கள் போனீர்கள். பெட்டியில் உங்கள் பக்கத்தில் ஹெட்செட்டையும் வைக்கலாம் என்று அண்ணன் கேட்டார். நான் தரவில்லை. எல்லார் முன்னாலும், "அது நான் செஞ்சது, தரமாட்டேன்" என்று பிடித்துக்கொண்டு நின்றேன். சின்னப் பிள்ளை பொம்மைக்குச் சண்டை போடுவது போல. அண்ணன் விட்டுக்கொடுத்தார். அவருக்கும் ஒரு வருத்தம் இருக்கும். இருக்கட்டும்.

இப்போது அந்த ரப்பர் பிசுபிசுத்துக் கறுத்துக்கொண்டு வருகிறது. ஒரு பக்கம் ஒயரும் அறுந்துவிட்டது. சரி பண்ணலாம், கை போகவில்லை. துணியின் பச்சை வெயில் பட்ட இடத்தில் மட்டும் வெளுத்திருக்கிறது. இதெல்லாம் ஒரு நாள் போய்விடும் என்று எனக்குத் தெரியும். போகாமல் என்னிடம் கிடப்பது அந்தக் கீழ்க்குரல்தான். சோறு வடிக்கும்போது வருகிறது, ஷீட் காயப்போடும்போது வருகிறது. வாயைத் திறந்தால் அதுதான். அதே பாட்டின் மேல் குரலைச் சொல்லச் சொன்னால் எனக்கு ஒரு வரிகூடத் தெரியாது. அன்று ஒரே தடவை கேட்டது, நிற்கவில்லை. கிணற்றடியில் பாடிக்கொண்டிருக்கும்போது சில நாள் அண்ணன் அந்தப் பக்கம் வந்து, வேலை இருப்பது போல நின்றுவிட்டுப் போகிறார்.

அந்தப் பாட்டைச் சபையார் எல்லாரும் பாடவேண்டும் என்று போன ஞாயிற்றுக்கிழமை தாள் அச்சடித்துக் கொடுத்தார்கள். பெண்கள் பக்கத்தில் மூன்றாவது பெஞ்சில் இருந்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வழியில், உங்களுக்காக, கொஞ்சம் சத்தமாகவே பாடினேன். புதுப் பாட்டு என்பதால் மற்றவர்களுக்கு ராகம் சரியாகப் பிடிபடவில்லை. தைரியமாகப் பாடுகிறவள் பின்னால் போய்விட்டார்கள். முதலில் பக்கத்தில் இருந்த டீச்சர் வந்தார். பிறகு எங்கள் பெஞ்சு வந்தது. இரண்டாம் சரணத்தில் பெண்கள் பக்கம் முழுவதும் கீழ்க்குரலில் இருந்தது, பாட்டைப் பாட ஆளில்லை. ஆர்மோனியம் நின்றது. மாஸ்டர் எழுந்து பார்த்தான். போதகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, பாட்டு இத்துடன் நிறுத்தப்படுகிறது, இப்போது காணிக்கை எடுக்கப்படும் என்று அறிவித்தார். காணிக்கை எடுத்தார்கள்.